தோபா ஏரிக்கரையிலிருந்து: சுமத்ராப் பயணக் குறிப்புகள்

வியாழக்கிழமை, பெரஸ்தாகி

மேடானில் இறங்கியபோது புழுக்கம் தாங்கவில்லை. மலையேறி பெரஸ்தாகிக்கு வந்ததும் ஸ்வெட்டரைத் தேட வேண்டியதாயிற்று. 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சந்தையில் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று குவிந்து கிடக்கிறது. மார்க்கிசா என்கிற பாஷன் பழத்தைக் கூறு கட்டி விற்கிறார்கள். இந்த விளைச்சலுக்கெல்லாம் எரிமலை மண்தான் காரணம். அதைத் தந்த மலைகளில் இரண்டு ஊரிலிருந்தே தெரிகின்றன: வடக்கே சிபாயாக், மேற்கே சினாபுங்.

சினாபுங் 2,460 மீட்டர் உயரமுள்ள கூம்பு. அதன் ஒரு பக்கச் சரிவு மட்டும் புல் பூண்டில்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. எழுதப்பட்ட வரலாற்றில் உறுதியான வெடிப்பு எதுவும் பதிவாகாத இந்த மலை 2010 ஆகஸ்டில் விழித்துக்கொண்டது. 2013-ல் மறுபடி தொடங்கி ஆண்டுக்கணக்கில் குமுறியது. 2014 பிப்ரவரி 1 அன்று கொதிக்கும் சாம்பலும் வாயுவுமாகச் சரிவில் பாய்ந்து வந்த பெருக்கில் சுகமேரியா கிராமத்துப் பக்கம் இருந்தவர்கள் இறந்துபோனார்கள். பல கிராமங்களை நிரந்தரமாகக் காலி செய்து மக்களை வேறு இடங்களில் குடியமர்த்தினார்கள். எங்களுக்கு வண்டி ஓட்டும் காரோ இனத்து இளைஞரின் அத்தை குடும்பமும் அப்படி இடம் மாறியதுதான். மலையைக் காட்டிப் பேசும்போது அவர் குரலில் கோபமில்லை. ஆனால் வண்டியை அந்தப் பக்கம் திருப்ப அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. நான் வற்புறுத்தவில்லை.

எரிமலை என்றால் அண்ணாந்து பார்ப்பதுதான் நமக்குப் பழக்கம். நாளைக்குக் காணப்போவது குனிந்து பார்க்க வேண்டிய எரிமலை.

வெள்ளிக்கிழமை, தோங்கிங் – ஹரங்காவோல்

கபன்ஜாஹே, மெரெக் வழியாகக் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே வண்டி போகிறது. இருபுறமும் மேட்டுச் சமவெளி. அந்தச் சமவெளி ஓரிடத்தில் சட்டென்று முடிந்துபோகிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் பல நூறு மீட்டர் கீழே தோபா ஏரியின் வடமுனை.

பக்கத்தில் சிபிசோபிசோ அருவி. 120 மீட்டர். மலையருவிகள் பாறைக்குப் பாறை தாவி இறங்கிவரும். இது அப்படி வரவில்லை. மேட்டுநிலத்துக்கு அடியில் ஓடிவந்த தண்ணீர், செங்குத்துச் சுவரின் இடையில் ஒரு துவாரத்திலிருந்து வெளிப்பட்டு ஒரே வீழ்ச்சியாக விழுகிறது. அருவிக்கு வழி விடாமல் தரையே அறுந்துபோயிருப்பது அதைப் பார்த்ததும் புரிந்தது. அப்படி அறுந்ததன் விளிம்பில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

ஏரியின் நீளம் சுமார் 100 கிலோமீட்டர், அகலம் சுமார் 30. ஆழம் 500 மீட்டரைத் தாண்டும். நீர்மட்டமே கடலுக்கு மேல் 900 மீட்டரில் இருக்கிறது. இவ்வளவு பெரிய பள்ளம் எப்படி வந்தது?

சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தரைத்தட்டு தீவுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. அந்த ஆழத்தில் உருவான பாறைக்குழம்பு மேலேறி, பூமிக்குள் சில கிலோமீட்டர் ஆழத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து கிடந்தது. சிலிக்கா மிகுந்த, எளிதில் ஓடாத கெட்டிக் குழம்பு. அதில் நீராவியும் பிற வாயுக்களும் கரைந்திருந்தன. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் மேலே இருந்த பாறைக்கூரை விரிசல்விட்டது. அழுத்தம் விலகியதும் கரைந்திருந்த வாயு நுரைத்துக் குழம்பைத் தூளாகச் சிதறடித்து வெளியே தள்ளியது. அடியில் இருந்தது வெளியேற வெளியேற, தாங்குவதற்கு ஒன்றுமில்லாத கூரை வளைய விரிசல்களில் வழுக்கிக் கீழே இறங்கியது. இறங்கிய கூரையின் எடை மிச்சக் குழம்பையும் பிதுக்கி வெளியேற்றியது. இப்படி எரிமலை தனக்குள்ளேயே இடிந்து உண்டாகும் பெரும்பள்ளத்துக்குக் கால்டெரா என்று பெயர்.

வெளிவந்த குழம்பின் அளவு, காற்று இடைவெளிகளை நீக்கிக் கணக்கிட்டால், சுமார் 2,800 கன கிலோமீட்டர். 1815-ல் வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைகாலமே வராமல் செய்த தம்போரா எரிமலை வெளித்தள்ளியது இதில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. கடலடியில் சாம்பல் துகள்கள் படிந்திருக்கும் விதத்தை வைத்து, வெடிப்பு 9 முதல் 14 நாட்கள் நீடித்திருக்கலாம் என்று 1979-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அருவிச் சத்தத்துக்கு நடுவே நின்று இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். 2,800 கன கிலோமீட்டர், இரண்டு வாரம். மனம் அதை உள்வாங்கிக்கொள்ள மறுக்கிறது.

சாலை வெட்டிய ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பாறையைத் தொட்டுப் பார்த்தேன். வெளிர்நிறச் சாம்பல் இறுகிய பாறை, டஃப் என்பார்கள். நகத்தால் சுரண்டினால் நுரைக்கல் துண்டுகள் பொடிந்து கையோடு வருகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கண்ணாடிபோல் மினுங்கும் குவார்ட்ஸ் படிகங்கள், சிலவற்றுக்கு இருமுனையும் கூர். இடையிடையே கறுப்பாகக் காக்காப்பொன் தகடுகள். இன்னொரு துண்டில் நுரைக்கற்கள் கறுத்த கீற்றுகளாக நசுங்கியிருந்தன. பொரியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் தட்டையாகுமே, அப்படி. படிந்த சாம்பல் அந்த அளவுக்குச் சூடாக இருந்திருக்கிறது: மேலே விழுந்ததன் பாரத்தில் அடியில் கிடந்தது இளகி ஒட்டிக்கொண்டது.

"முன்னொரு காலத்தில் இங்கே இமயம்போல் ஒரு மலை நின்றது, அது வெடித்துத்தான் ஏரி ஆனது" என்று பார்வைமேடையில் ஒரு வழிகாட்டி பயணிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒற்றைச் சிகரம் எதுவும் இங்கே நிற்கவில்லை. இந்த நிலப்பரப்பு முழுவதுமே அடியிலிருந்து அகலமாகப் புடைத்தெழுந்த மேட்டுநிலம். டச்சு நிலவியலாளர் ஃபான் பெம்மெலன் இதைப் பாதாக் மேட்டின் வீக்கம் என்றே வருணித்தார்; பாதாக் என்பது இங்குள்ள மக்களின் பெயர். அதோடு, வெடித்தது ஒரே ஒரு தடவையும் இல்லை. பழைய வெடிப்புகளின் தடயத்தைத் தேடித்தான் பிற்பகல் ஹரங்காவோலுக்கு இறங்கினோம்.

ஏரியின் வடபகுதியில் குடைந்து உட்புகுந்த வளைகுடாவில் இருக்கிறது ஹரங்காவோல். இங்கே முதல் பெரிய வெடிப்பு நடந்தது சுமார் 12 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பிறகு ஏரியின் தெற்குப் பக்கம், சுமார் 8 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நூற்றுக்கணக்கான கன கிலோமீட்டர் வெளிவந்த மிகப் பெரிய வெடிப்பு. சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறுபடி இந்த வடமுனையில் ஒன்று. அந்த மூன்றையும் விழுங்கியபடி நடந்தது நான்காவதான 74,000 ஆண்டு வெடிப்பு. ஊருக்கு இறங்கும் சாலையின் செங்குத்துச் சுவரில் பழைய வெடிப்புகளின் படிவுகள் அடுக்காகத் தெரிகின்றன. புதிய பள்ளம் பழைய பள்ளங்களை வெட்டிக்கொண்டு போனதால்தான் அவை நம் கண்ணுக்குக் கிடைத்திருக்கின்றன.

கரையோரம் முழுக்க மீன் வளர்க்கும் கூண்டுகள். 2016-ல் இங்கே தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து கூண்டு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. ஆழமான ஏரிக்கும் தாங்கும் அளவு ஒன்று உண்டு.

சனிக்கிழமை, துக்துக்

சிமர்ஜாருன்ஜுங் மேட்டில் இஞ்சி போட்ட பண்ட்ரெக் பானமும் வாழைப்பழப் பஜ்ஜியும். அங்கிருந்து கீழே தெரியும் திகாராஸ் துறைக்கு வந்துகொண்டிருந்த சினார் பங்குன் படகு, 2018 ஜூன் 18 அன்று கவிழ்ந்தது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள். 160 பேருக்கு மேல் காணாமல் போனார்கள். படகு கிடந்த இடத்தைக் கண்டுபிடித்தும் மேலே கொண்டுவர முடியவில்லை, காரணம் அது 450 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. கால்டெராவின் ஆழம் என்று புத்தகத்தில் படிக்கும் எண் இங்குள்ள குடும்பங்களுக்கு வேறு பொருள் தருகிறது.

பராபத்திலிருந்து படகில் துக்துக் வந்து சேர்ந்தோம். சமோசிர் தீவின் கிழக்குக் கரையிலிருந்து ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனை. விடுதிகள் நிறைந்த இந்த முனையே ஒரு லாவாக் குவிமாடம். பெருவெடிப்புக்குப் பிறகு, வாயு தீர்ந்துபோன குழம்பு வெடிக்க வலுவில்லாமல் விரிசல் வழியே மெல்லப் பிதுங்கி வந்து உறைந்த இடம். படகிலிருந்து பார்த்தால் அதற்குப் பின்னால் சமோசிரின் கிழக்கு விளிம்பு நெடுஞ்சுவராக எழுந்து நிற்கிறது. நாளை அதன் மேல்.

ஞாயிற்றுக்கிழமை, சமோசிர் மேட்டில்

காலையில் ஊரே தேவாலயத்தில். இங்குள்ள பாதாக் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். நான்கு குரலில் பாடுகிறார்கள், ஒலிபெருக்கியே தேவையில்லை. வழிபாடு முடிந்த பிறகே வாடகை வண்டி கிடைத்தது.

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த இடம் இதுதான். சமோசிரை ஏரிக்கு நடுவில் மிச்சமிருக்கும் மலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மை இதைவிட வியப்பானது. இது ஏரியின் தரை.

பள்ளம் விழுந்தபோது அதற்குள்ளேயே நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்குச் சாம்பல் நிரம்பியது. அதன் மேல் தண்ணீர் தேங்கி ஏரியானது. ஏரியடியில் சேறு படிந்தது. பிறகு, அடியில் மிச்சமிருந்த குழம்பு மறுபடி மேல்நோக்கி அழுத்தத் தொடங்கியது. இறங்கிய கூரை திரும்ப எழும்பியது. சேறு, அதன் கீழே சாம்பல்பாறை, எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாகக் கிழக்கில் உயர்ந்து மேற்கில் சாய்ந்து தண்ணீருக்கு வெளியே வந்தது. தீவின் உச்சி இன்று ஏரிமட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர். ஏரியின் ஆழம் 500 மீட்டர். இரண்டையும் கூட்டினால், ஏரித்தரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் எழும்பியிருக்கிறது.

ரோங்குர் நிஹுத்தா பக்கம் பைன் மரங்களுக்கு நடுவே சாலை வெட்டிய மண்சுவரில் அதை நேராகவே பார்த்தேன். வெள்ளையும் வெளிர்பழுப்புமாக, விரல் கனம்கூட இல்லாத ஏடுகள், ஒன்றன்மேல் ஒன்று. ஓர் ஏட்டைப் பெயர்த்துக் கையில் வைத்தால் கல்லின் எடையே இல்லை. நுனியை நாக்கில் வைத்தேன், பட்டென்று ஒட்டிக்கொண்டது. டயட்டம் என்னும் நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகள் கோடிக்கணக்கில் சேர்ந்த மண் அது. ஓடுகளுக்கு இடையே உள்ள நுண்துளைகள் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் அந்த ஒட்டல். டயட்டம் மிதந்து வாழ்ந்த தண்ணீர் எங்கே, நான் நின்ற மேடு எங்கே! சுற்றிலும் வறண்ட காற்றும் பைன் ஊசிகளும் தவிர ஒன்றுமில்லை. அந்த மண்சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். வண்டிக்காரர் இரண்டு முறை வந்து "சரியாக இருக்கிறீர்களா, பாக்?" (ஐயா) என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் சிதிஹோனி ஏரி. சுமத்ராத் தீவுக்குள் தோபா ஏரி, அந்த ஏரிக்குள் சமோசிர் தீவு, அதற்குள் மறுபடி ஓர் ஏரி. எருமைகள் குளித்துக்கொண்டிருந்தன.

திங்கட்கிழமை, பங்குருரான்

இயற்கையில் சமோசிர் முழுத் தீவே அல்ல. மேற்குப் பக்கம் ஒரு குறுகிய நிலத்துண்டால் சுமத்ராவோடு ஒட்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சுக்காரர்கள் அங்கே கால்வாய் வெட்டியதால்தான் தனியானது. அந்தக் கால்வாயின் மேல் இப்போது பெரிய பாலம். அதைக் கடந்தால் புசுக் புஹித் மலை, ஏறக்குறைய 1,980 மீட்டர். பெருவெடிப்புக்குப் பின் கால்டெராவின் விளிம்பில் முளைத்த எரிமலை. அடிவாரத்தில் சரிவு முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது, மூக்கைத் துளைக்கும் கந்தக வாடை. வெந்நீர் ஊற்றுகளைத் தொட்டிகளில் பிடித்துக் குளிக்கக் கட்டணம் வாங்குகிறார்கள்.

பாதாக் மக்களுக்கு இது புனித மலை. தங்கள் மூதாதையான சி ராஜா பாதாக் இங்கேதான் இறங்கினார் என்பது அவர்களின் நம்பிக்கை. ஏரிக்கும் ஒரு கதை உண்டு. மீனவன் ஒருவன் பிடித்த பொன்மீன் பெண்ணாக மாறி அவனை மணக்கிறாள், தன் பிறப்பைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒருநாள் பசியில் கோபப்பட்டவன் மகனை "மீனுக்குப் பிறந்தவனே" என்று திட்டிவிடுகிறான். வானம் பிளந்து மழை கொட்டிப் பள்ளத்தாக்கே மூழ்குகிறது. மகனின் பெயர் சமோசிர். கதையில் வெள்ளம் இருக்கிறது, நெருப்பு இல்லை. இருக்கவும் முடியாது. வெடிப்பு இவ்வளவு அருகில் யாரையும் உயிரோடு விட்டிருக்காது. இன்றுள்ளவர்களின் முன்னோர் வெகுகாலம் கழித்துக் குடியேறி வந்து, ஏற்கெனவே ஏரியாகிவிட்ட இடத்தைத்தான் பார்த்தார்கள்.

இந்த மலைக்குத் தென்மேற்கே இறங்கிக்கொண்டே போனால் கடற்கரையில் பாரூஸ். கற்பூர வணிகத்துக்குப் பேர்போன பழைய துறைமுகம். பக்கத்தில் லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, ஐநூற்றுவர் வணிகக் குழுவினர் 1088-ல் வெட்டுவித்தது. அவர்கள் கப்பலேற்றிய கற்பூரம் இந்த மலைநாட்டுக் காடுகளிலிருந்துதான் தலைச்சுமையாக இறங்கியிருக்கும்.

இரவு விடுதியில் ஆர்சிக் மீன், அண்டாலிமான் மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்தது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் தோபா மனித இனத்தையே அழிக்கப் பார்த்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கே போனாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1990-களில் வந்த கருத்து இது. வெடிப்பில் கிளம்பியது வெயிலை மறைத்து உலகையே குளிரவைத்தது என்னும் எரிமலைக் குளிர்கால வாதத்தை ராம்பினோ, செல்ஃப் என்ற ஆய்வாளர்கள் 1992-ல் வைத்தார்கள். நம் மரபணுக்களில் தெரியும் மக்கள்தொகைச் சரிவையும் அதையும் இணைத்து, அந்தக் குளிரில் மனிதர்கள் சில ஆயிரம் பேராகக் குறைந்தார்கள் என்று 1998-ல் ஸ்டான்லி ஆம்ப்ரோஸ் எழுதினார். கதை அப்படியே நிலைத்துவிட்டது. சான்றுகளோ அதன் பிறகுதான் வரத் தொடங்கின.

அவற்றில் ஒன்று ஆந்திராவில் இருக்கிறது, எனக்கு நேரில் தெரிந்த இடம். கர்னூல் பக்கம் ஜுர்ரேரு பள்ளத்தாக்கில் ஜ்வாலாபுரம். இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். அங்கே தோபா சாம்பல், ஓடைநீர் அடித்துக் கொண்டுவந்து சேர்த்ததில், இரண்டு மீட்டருக்கும் மேல் கனத்துக் கிடக்கிறது. பாத்திரம் துலக்கும் பொடிக்கென்று தோண்டி எடுத்திருக்கிறார்கள். மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் குழுவினர் அந்தச் சாம்பலுக்குக் கீழேயும் மேலேயும் கற்கருவிகளைக் கண்டு 2007-ல் வெளியிட்டார்கள். இரண்டும் பெரும்பாலும் ஒரே வகை. சாம்பல் விழுவதற்கு முன் அந்த ஓடைக்கரையில் கல் உடைத்தவர்களின் தொழில், சாம்பல் படிந்த பிறகும் தொடர்ந்திருக்கிறது. 2013-ல் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிப் படிவில் தோபாவின் கண்ணாடித் துகள்கள் கிடைத்தன. அந்த ஏட்டுக்கு மேலேயும் கீழேயும் கடும் குளிருக்கான தடயம் இல்லை. 2018-ல் தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயிண்டிலும் அதே துகள்கள் கிடைத்தன, அங்கே மனிதர்கள் தொடர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. சுமத்ராவின் இந்தப் பகுதி முழுக்கச் சாம்பலில் புதைந்தது. பல நாடுகளில் பயிர்பச்சை, தண்ணீர், விலங்குகள் என்று எல்லாம் பாதிக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த ஓடைக்கரை மனிதர்கள் எப்படியோ சமாளித்திருக்கிறார்கள். அவர்களைச் செத்தவர்கள் கணக்கில் சேர்த்துவிடும் கதையை ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை, போர்சியா

ஏரியின் தென்கிழக்கு மூலை. தண்ணீர் வெளியேறும் ஒரே வாய் இங்கேதான், அசஹான் ஆறு. கொஞ்ச தூரம் வயல்களுக்கு நடுவே சாதுவாக ஓடி, பிறகு சிகுராகுரா பள்ளத்தாக்கில் குதிக்கிறது. அங்கே எடுக்கும் மின்சாரத்தில்தான் கடற்கரையிலுள்ள அலுமினிய ஆலை ஓடுகிறது.

இந்தப் பகுதியில் 8 லட்சம் ஆண்டுப் பழைய டஃப் வெளியே தெரிகிறது. பார்வைக்குப் புதியதிலிருந்து பிரித்தறிவது எளிதல்ல. பிரித்துக் காட்டியது காந்தம். குளிரும்போது பாறையிலுள்ள இரும்புத் தாதுக்கள் அப்போதைய புவிக்காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்தப் பாறையில் அந்தத் திசை தலைகீழ். அதாவது, வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்த, 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் இது குளிர்ந்திருக்கிறது. இதற்குப் பின் வந்த இரண்டு வெடிப்புகளின் பாறையிலும் காந்தம் இன்றைய திசையில்தான் இருக்கிறது.

மறுபடி வெடிக்குமா என்று ஓட்டுநர் கேட்டார். சினாபுங்கைப் பார்த்து வளர்ந்தவர், கேட்காமல் இருப்பாரா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நில அதிர்வு அலைகளைக் கொண்டு அடிப்பகுதியை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார்கள். சுமார் 7 கிலோமீட்டருக்குக் கீழே குழம்பு கிடைமட்டத் தகடுகளாக அடுக்கடுக்காக ஊடுருவிக் கிடக்கிறது. ஆக, இது செத்த எரிமலை அல்ல. ஆனால் இரண்டு பெருவெடிப்புகளுக்கு இடையே மூன்று, நான்கு லட்சம் ஆண்டுகள் போயிருக்கின்றன, கடைசி வெடிப்பு முடிந்து 74,000 ஆண்டுகள்தான் ஆகிறது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் சினாபுங்தான் எங்கள் கவலை" என்றார். நானும் அதைத்தான் நினைக்கிறேன்.

நாளை மேடான். கம்போங் மெட்ராஸில் 1884-ல் கட்டிய மாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுப் பினாங்குக்கு விமானம். அங்கிருந்து பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கு அதிக தூரமில்லை. கோத்தா தம்பானில் கற்கருவிகள் செய்த பட்டறையோடு தோபா சாம்பலும் கிடைத்திருக்கிறது. கூடுதல் விடுப்பு கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்துவிட்டால் அடுத்த குறிப்பு அங்கிருந்து.